திரும்பத் திரும்பப் படிக்காதீங்க, மூடி வச்சிட்டு எழுதிப் பாருங்க
ஒரு பாடத்தை ஒருதடவை படிச்சதும் புக்கை மூடி வச்சிட்டு ஞாபகம் இருக்கிறத ஒரு பேப்பர்ல எழுதுங்க, அப்புறம் திறந்து விட்டுப்போனத மட்டும் பாருங்க. படிச்சது மறந்துபோறதுக்குக் காரணம் மூளையில இடம் நிரம்பிடுச்சுன்னெல்லாம் கிடையாது, உள்ள போனத வெளிய எடுக்கிறதுதான் கஷ்டம், பார்க்காம நாமளே தேடி எடுக்க எடுக்க அது சீக்கிரம் வர ஆரம்பிக்கும். 2006-ல அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வச்சு சோதிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப ரெண்டாவது தடவையும் படிச்சவங்களுக்கு 42 சதவீதம்தான் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பார்த்தவங்களுக்கு 56, எவ்ளோ வித்தியாசம் பாருங்க!

ஆனா பரீட்சை இன்னும் அஞ்சு நிமிஷத்துலன்னா இது வேணாம், அப்போ திரும்பப் படிக்கிறதே பெட்டர், அதுவும் அதே சோதனையில தெரிஞ்சதுதான். புரியாத பாடத்துக்கும் இது உதவாது.