சீனாவுல பழைய ஊர்களை ரயில்லயே சுத்தணுமா? பெய்ஜிங் – பிங்யாவ் – சியான் – லுவோயாங் ரூட்

சீனா போற நிறைய பேர் பெய்ஜிங் பாத்துட்டு நேரா சியானுக்கு ஃப்ளைட் ஏறிடுறாங்க, நடுவுல இருக்கிற பிங்யாவை விட்டுடுறாங்க, தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. பெய்ஜிங்லேர்ந்து பிங்யாவ் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், பிங்யாவ்லேர்ந்து சியான் மூணு மணி நேரம், சியான்லேர்ந்து லுவோயாங் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, எல்லாமே ஹைஸ்பீட் ட்ரெயின்.

டிக்கெட் சீன ரயில்வேயோட சொந்த ஆப்பான 12306லயே எடுக்கலாம், இங்கிலீஷ்ல இருக்கு, ஆனா பாஸ்போர்ட் போட்டோ அனுப்பி வெரிஃபை ஆகணும், அதனால கிளம்புறதுக்கு ரொம்ப முன்னாடியே அக்கவுண்ட் ஓபன் பண்ணி வச்சிடுங்க. புக்கிங் பொதுவா 15 நாள் முன்னாடிதான் ஓபன் ஆகும். ட்ரிப்.காம்லயும் எடுக்கலாம், கொஞ்சம் சர்வீஸ் சார்ஜ் போகும், முதல் தடவை போறவங்களுக்கு அது ஈஸி. பேரு பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடணும், நம்மாளுங்களுக்கு இனிஷியல், அப்பா பேரு, சர்நேம் காலின்னு ஆயிரம் குழப்பம் இருக்கும் இல்லையா, அதனால இதுல மட்டும் ரெண்டு தடவை செக் பண்ணுங்க. பேப்பர் டிக்கெட்டே கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஆட்டோமேட்டிக் கேட் பாஸ்போர்ட்டைப் படிக்கலன்னா ஓரத்துல ஆள் நிக்கிற கேட்டுக்கு போயிடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், ஸ்டேஷன். ஊரு ஒண்ணுதான் ஆனா ஸ்டேஷன் ரெண்டு மூணு இருக்கும், ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம். பிங்யாவ்ல பழைய ஸ்டேஷன் கோட்டைச் சுவர் பக்கத்துலயே இருக்கு ஆனா ஹைஸ்பீட் ட்ரெயின் நிக்கிறது பிங்யாவ் குச்செங்னு வேற ஸ்டேஷன்ல, அங்கேர்ந்து பஸ்ஸோ டாக்ஸியோ புடிக்கணும். சியான்ல ஹைஸ்பீட் எல்லாம் பெரும்பாலும் சியான் பெய், அதாவது நார்த் ஸ்டேஷன், மெட்ரோ லைன் 2 ஏறினா நேரா ஊர் நடுவுல இருக்கிற பெல் டவர்ல இறங்கிடலாம். லுவோயாங்ல லோங்மென் ஸ்டேஷன். டிக்கெட்ல இருக்கிற சீன எழுத்தை அப்படியே டாக்ஸிக்காரர்கிட்ட காட்டுங்க, வாயால சொல்லிப் புரிய வைக்க முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.

ஒரு மணி நேரம் முன்னாடி போயிடுங்க. உள்ள நுழையும்போதே பேக் ஸ்கேன் இருக்கு, 150 மில்லிக்கு மேல இருக்கிற ஸ்ப்ரே டப்பாவை எடுத்துடுவாங்க, பெரிய டியோ பாட்டில் இருந்தா அதை வீட்லயே வச்சிட்டு வாங்க. ட்ரெயின் கிளம்புறதுக்கு சில நிமிஷம் முன்னாடியே கேட் மூடிடுவாங்க, அப்புறம் கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க. நடுவுல இருக்கிற சின்ன ஸ்டேஷன்ல வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், அதனால பிங்யாவ் வர்றதுக்கு முன்னாடியே பெட்டியை எடுத்துக்கிட்டு கதவுகிட்ட வந்துடுங்க. செகண்ட் கிளாஸே தாராளமா போதும், ஜன்னல் வேணும்னா ஏ இல்லன்னா எஃப் சீட் கேளுங்க.

சாப்பாடு, குறிப்பா சைவம், கஷ்டம்தான். ஆனா கோச்சுல எல்லாம் வெந்நீர் வரும், கப் நூடுல்ஸ், ரெடிமிக்ஸ் உப்புமா கொண்டு போனா பிரச்சனையே இல்ல. பணத்துக்கு, போன்ல பணம் கட்டுற அலிபே ஆப்ல நம்ம விசா, மாஸ்டர்கார்ட் சேத்துக்கலாம். கூகுள், வாட்ஸ்அப் அங்க லோக்கல் நெட்ல ஓடாது, ரோமிங் போட்டுக்கோங்க. அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டு சமயமும் போகவே போகாதீங்க, டிக்கெட் கிடைக்கிறதே பெரும்பாடு.

பிங்யாவ்ல ஒரு ராத்திரியாவது சுவருக்கு உள்ள தங்கணும். சுமார் ஆறு கிலோமீட்டர் சுவர், உள்ள பழைய முற்றம் வச்ச வீடுகளையே தங்குற இடமா மாத்தியிருக்காங்க. 1823ல ஆரம்பிச்ச ரிஷெங்சாங்னு ஒரு வங்கி இருக்கு, ஒரு ஊர்ல வெள்ளியைக் கட்டிட்டு சீட்டு வாங்கி வேற ஊர்ல காசாக்கிக்கலாம், நகரத்தார் எழுதிக்குடுத்த உண்டியல் மாதிரிதான், இப்ப மியூசியமா இருக்கு, அதை விட்டுடாதீங்க.

சியான்ல எல்லாரும் டெரகோட்டா வீரர்களைப் பாக்கத்தான் ஓடுறாங்க, பாக்கணும்தான், ஆனா 652ல கட்டின பெரிய காட்டு வாத்து பகோடாவுக்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. யுவான் சுவாங் இந்தியாவுலேர்ந்து கொண்டு வந்த ஏடுகளுக்காகக் கட்டினது அது, அவரோட பயணக்குறிப்புல நம்ம காஞ்சிபுரமும் வருது, அது தெரிஞ்சு அங்க போய் நின்னா மனசு நெகிழ்ந்துடும். 13 கிலோமீட்டருக்கு மேல இருக்கிற கோட்டைச் சுவர் மேல சைக்கிள் வாடகைக்கு எடுத்து சுத்தலாம், வெயில் ஏறுறதுக்குள்ள போங்க.

லுவோயாங்கை மட்டும் சியான்லேர்ந்து காலையில போய் ராத்திரி திரும்பலாம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அவங்கள்ல சேத்தி இல்ல. லோங்மென் குகைகள் ஸ்டேஷன்லேர்ந்து டாக்ஸில கொஞ்ச தூரம்தான், 17 மீட்டர் உயர புத்தர் முன்னாடி நிக்கவே நேரம் வேணும், வெள்ளைக் குதிரை கோயில் வேற இருக்கு. ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் லோங்மென் ஸ்டேஷன்லேர்ந்து பெய்ஜிங் வெஸ்டுக்கு நேர் ட்ரெயின் ஏறுங்க, நாலு மணி நேரம் சொச்சம்.