விக்டோரியா, ஆல்பர்ட் செதுக்கோவிய இணைக்குக் கையால் வண்ணம் தீட்டும் முறை

விக்டோரியா அரசிக்கும் ஆல்பர்ட் இளவரசருக்கும் 1840 பிப்ரவரி 10 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் திருமணம் நடந்தது. மணக்கோலத்தில் இருவரையும் தனித்தனித் தாளில் காட்டும் செதுக்கோவியங்களுக்கு, அதாவது உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட உருவப்படங்களுக்கு, நீர்வண்ணம் தீட்டுவதையே இங்கு விளக்குகிறேன். மதிப்புள்ள பழைய அச்சில் கை வைக்காதீர்கள். கிழிந்த ஏடோ லேசர் நகலோ போதும். இன்க்ஜெட் நகலில் மை பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும்.

முதலில் தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். அது முத்தாக நின்றால் நேரே வண்ணத்துக்குப் போகலாம். உடனே உள்ளிழுக்கப்பட்டுப் பின்பக்கம் கறையாகத் தெரிந்தால், நீர் ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு தாளுக்குத் தேவை. செதுக்குத் தகட்டின் நுண்கோடுகளில் உள்ள மையை வாங்கிக்கொள்வதற்காக அச்சுத் தாளை மென்மையாகவே தயாரித்தார்கள் என்பதால், பழைய அச்சுகளில் இது அடிக்கடி நேரும். நீர்வண்ணம் பழகிய கைதானே என்று இந்தச் சோதனையை நான் தவிர்த்தேன். ஆல்பர்ட்டின் மேலங்கியில் சிவப்பை வைத்த கணமே அது கழுத்துப்பட்டையைத் தாண்டி மோவாய் வரை ஊறிவிட்டது.

பசைப்பூச்சுக்கு 2 கிராம் ஜெலட்டினை 100 மில்லி குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கிக் கரையுங்கள். கொதிக்க விடக் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலமான மென்தூரிகையால் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை ஒரே இழுப்பாகப் பூசுங்கள். பூசிய இடத்தில் மீண்டும் தேய்த்தால் தாளின் மேற்பரப்பு பஞ்சாக எழும்பும். நன்றாகக் காய்ந்தபின் கனமான புத்தகத்தின் அடியில் ஓரிரவு வைத்து, சொட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பசையில் படிகாரம் சேர்ப்பது பழைய வழக்கம். அதன் அமிலத்தன்மை நாளடைவில் தாளை நொறுங்கச் செய்வதால் நான் சேர்ப்பதில்லை.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, தோல் நிறத்தை ஒரே தடவையில் கலந்து இருவர் முகத்துக்கும் பூசுங்கள். நாள் தள்ளிக் கலந்தால் ஒருவர் வெளிறியும் மற்றவர் வெயிலில் வதங்கியும் தெரிவார்கள். ஒளி ஊடுருவும் வண்ணங்களையே நீர்த்த பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக ஏற்றுங்கள். கெட்டியான போஸ்டர் வண்ணம் செதுக்குநரின் உழைப்பையெல்லாம் மூடிவிடும். அரசியின் வெண்சாட்டின் உடைக்கு வெள்ளை தேவையில்லை. தாளின் வெண்மையை விட்டு, மடிப்புகளில் மட்டும் மிக நீர்த்த சாம்பல் நீலம் தொட்டால் போதும். ஆல்பர்ட் பரிசளித்த நீலக்கல் பதக்கம் உங்கள் படத்தில் இருந்தால், அதற்கு ஊசிமுனைத் தூரிகையால் கோபால்ட் நீலம் வையுங்கள்.

ஆல்பர்ட் அணிந்தது பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷலின் செந்நிறச் சீருடை. அதன்மேல் வரும், கார்ட்டர் என்னும் பிரிட்டனின் உயரிய வீரத்தகை விருதின் நீலப்பட்டை அவரது இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு இறங்க வேண்டும். உங்கள் படத்தில் அது வலத்தோளில் இருந்தால் பதற வேண்டாம். மூலப்படத்தை அப்படியே தகட்டில் செதுக்கி அச்சிட்டால் இடவலம் மாறிவிடும். திருத்த முயலாமல் உள்ளபடியே தீட்டுங்கள்.

பின்சேர்க்கை: பாதி பூசுவதற்குள் ஜெலட்டின் உறைந்து கட்டி கட்டியாக ஒட்டியதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார், பூசி முடிக்கும்வரை கிண்ணம் வெந்நீரிலேயே இருக்கட்டும். லேசர் நகலின் அடர்ந்த கறுப்புப் பகுதிகளில் வண்ணம் ஒட்டாமல் உருண்டு நிற்பதாக மற்றொருவர் கேட்டார். ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் மாட்டுப் பித்தநீரை வண்ணம் கலக்கும் நீரில் ஓரிரு சொட்டு விட்டால் வண்ணம் படிந்துவிடும்.