பழைய கணினி திடீரென்று அணைகிறதா? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள்

பழைய டெஸ்க்டாப் வேலை நடுவில் பட்டென்று அணைந்தால் பலரும் உடனே எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றிவிடுகிறார்கள். காசைச் செலவழிக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்த நேரம், அணைந்த நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான்கைந்து முறை எழுதுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் நாலைந்து நொடியிலேயே அணைகிறதா? பவர் பட்டனைப் பாருங்கள். பட்டனைச் சுமார் 4 நொடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் அதேதான் நடக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் (எல்லா பாகங்களும் இணையும் பெரிய பலகை) பவர் சுவிட்ச் ஒயரைக் கழற்றி, அந்த இரண்டு பின்களில் ரீசெட் பட்டனின் ஒயரை மாட்டுங்கள். இப்போது ரீசெட் பட்டனை அழுத்தி ஆன் செய்து பாருங்கள். அணையாமல் ஓடினால் பழைய பட்டனில்தான் கோளாறு.

பத்து, இருபது நிமிடம் கழித்து, அதுவும் வீடியோவோ கேமோ ஓடும்போது அணைந்தால் சூடுதான் முதல் சந்தேகம். அணைந்த உடனே மறுபடி ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே போகக்கூடிய அமைப்புத் திரை) போனால், ஹார்டுவேர் மானிட்டர் அல்லது பிசி ஹெல்த் என்ற பக்கத்தில் பிராசசரின் வெப்பநிலை இருக்கும். 40, 50 டிகிரி என்றால் கவலையில்லை. 90ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிடுங்கள்.

பிராசசர் மேலுள்ள ஃபேன் சுற்றுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கணினியில் ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. அதைக் கழற்றியபோது, அடியில் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகப் பாகம்) தகடுகளின் இடுக்கு முழுக்கத் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து கிடந்தது. காற்று நுழைய வழியே இல்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஹீட்சிங்க்கின் நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் பின்களில் ஏதாவது ஒன்று கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றினால், பிராசசருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதைத் துடைத்துவிட்டு, புதிதாகத் துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும்.

நேரத்தில் எந்த ஒழுங்கும் இல்லையா? அப்போது மின்சாரப் பக்கம் வாருங்கள். யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் ஒரு நாள் ஓட்டுங்கள். பேட்டரி தேய்ந்த யுபிஎஸ், விளக்கு ஒரு தடவை மினுக்கினாலே கைவிட்டுவிடும். அப்புறம் பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து, கணினி ஓடும்போதே, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து காலியாகத் தொங்கும் நான்கு பின் கனெக்டரில் அளக்கலாம். கறுப்பு ஒயருக்கும் மஞ்சள் ஒயருக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தாக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் அணைகிறதா? டார்ச் அடித்துப் பிராசசரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களை (சின்ன உருளை மாதிரி நிற்கும் பாகங்கள்) பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மதர்போர்டில்தான் பழுது. முதலில் உங்கள் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். அப்புறம் பழுதுபார்ப்பவரிடம் கணினியோடு அந்தத் தாளையும் கொடுங்கள்.