நடவு வயலில் தலைப்பிரட்டை சாகாமல் மருந்து அடிப்பது

தவளையும் தேரையும் முட்டையிடத் தேடுவது ஆழமில்லாத, மீனில்லாத, வெதுவெதுப்பான தண்ணீரை. புதிதாகச் சேறடித்து நட்ட வயல் அப்படியே அதுதான். நட்ட மூன்றாம் நாள் நாம் களைக்கொல்லியோடு இறங்குவதும் அங்கேதான். தலைப்பிரட்டை செவுளாலும் தோலாலும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கலந்தது அந்த மெல்லிய தோல் வழியே உள்ளே போய்விடும். கால் முளைத்துக் கரையேற ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தப்பிக்க வழியில்லை.

ஏக்கருக்கு 1 லிட்டர் பூட்டாகுளோர் 50 ஈசி (லிட்டருக்குப் பாதி மருந்துள்ள களைக்கொல்லித் திரவம்) என்றால் 500 கிராம் மருந்து. ஓர் அங்குலத் தண்ணீர் நிற்கும் ஏக்கரில் சுமார் 1 லட்சம் லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் விழுகிறது; இதில் குஞ்சுகள் பிழைப்பது மிகக் கடினம். அதனால் காப்பாற்றும் வேலையை மருந்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

நடவுக்கு முன், தண்ணீர் வரும் மடைப் பக்கம், வரப்புக்கு வெளியே, தலைப்பிரட்டை தங்க ஒரு குழி வெட்டுங்கள்: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை அடி ஆழம். வடிகால் பக்கம் வெட்டினால் வயலின் மருந்தெல்லாம் அங்கே வந்து சேரும். ஒரு கரையைச் சரிவாக விடுங்கள், குட்டித் தவளை ஏறி வர. வைக்கோல் போடாதீர்கள், அழுகி மூச்சுக்காற்றைக் குறைக்கும். மீனும் விடாதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுபவர்களுக்கு இந்தக் குழி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வயல் காயும்போது குஞ்சுகளும் காய்ந்துவிடும்.

களைக்கொல்லி போடும் நாள் காலை வரப்போரம் குனிந்து பாருங்கள். கண்ணாடி நூலில் கறுப்பு மணி கோத்ததுபோல் புல்லைச் சுற்றிக் கிடந்தால் அது தேரை முட்டை. வாளியில் அதே தண்ணீரோடு அள்ளிக் குழியில் விடுங்கள். பிறகு மடையையும் வடிகாலையும் அடைத்து, மருந்தை 20 கிலோ மணலில் கலந்து தூவி, குறைந்தது 3 நாள் தண்ணீரை வெளியே விடாதீர்கள். மழை வரும் என்று தெரிந்தால் தள்ளிப்போடுங்கள். ஆள் கிடைத்தால் களைக்கொல்லியே வேண்டாம். நட்ட 10ஆம் நாள் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் கையால் தள்ளும் களைக்கருவியை ஓட்டினால் போதும்.

வரப்புக்குக் கிளைபோசேட் களைக்கொல்லி அடிப்பதை விட, மண்வெட்டியால் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுவது நல்லது. இலையில் ஒட்டவைக்க அதில் சேர்க்கும் சோப்புப் பொருளில் சில, கிளைபோசேட்டை விடத் தலைப்பிரட்டைக்குக் கொடியவை.

பூச்சிமருந்தைக் கணக்குப் பார்த்து எடுங்கள். தண்டுத் துளைப்பானுக்கு நூறு தூரில் 10 நடுக்குருத்து காய்ந்தால்தான் மருந்து. அதற்குக் குறைவாக இருந்தால் பொறுத்திருங்கள்.

பெரிய சேதம் நடப்பது தெளிப்பான் டேங்க் கழுவும் இடத்தில். லிட்டருக்கு 2 மில்லி மாலத்தியான் 50 ஈசி பூச்சிமருந்து கலந்தால் ஒரு லிட்டரில் 1 கிராம் மருந்து. அடியில் மிஞ்சும் கால் லிட்டரில் 250 மில்லிகிராம். அதை 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஒரு மீட்டர் ஆழக் குட்டையில் கொட்டினால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தலைப்பிரட்டையை இது நேராகக் கொல்லாது. ஆனால் இதே அளவை வாரம்தோறும் விட்டுச் செய்த சோதனையின் முடிவை அமெரிக்காவில் ரிக் ரெலியாவும் உடன் ஆய்வாளரும் 2008இல் வெளியிட்டார்கள். முதலில் தண்ணீரின் நுண்பூச்சிகள் செத்தன. அவை தின்னும் மிதக்கும் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகி வெளிச்சத்தை மறைத்தது. தலைப்பிரட்டை சுரண்டித் தின்னும் அடிப்பாசி குறைந்தது. நீர் வற்றுவதற்குள் வளர முடியாமல், மெதுவாக வளரும் தவளை இனத்தில் ஏறத்தாழ பாதி செத்தது. ஆகவே டேங்கை வாய்க்காலில் முக்காதீர்கள். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். வாய்க்கால், குழி ஓரம் 5 மீட்டர் மருந்தில்லாமல் விடுங்கள். காற்றடங்கிய மாலையில் அடியுங்கள்.

அடித்த மறுநாள் குழியைப் பாருங்கள். குஞ்சுகள் வட்டமடித்தாலோ, ஒருக்களித்துக் கிடந்தாலோ, தொட்டால் வால் துள்ளாமல் இருந்தாலோ மருந்து வந்திருக்கிறது. உடனே மருந்தில்லாத தண்ணீர் விட்டுக் குழியை நிரப்புங்கள். வடிகாலைத் திறக்காதீர்கள், அந்தத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும்.