பிள்ளைகளின் குணத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியர்களின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. கரும்பலகையில் கோணலாக எழுதுவது, பெயர்களைக் குழப்பிக்கொள்வது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். என் தலைமுறை ஆசிரியர்கள் செய்து, இவர்களும் அப்படியே தொடர்கிற சில தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

செயலைக் குணமாக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே எழ மாட்டாள். "திமிர் பிடித்த பொண்ணு" என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு பரவிவிட்டது. அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் ஒன்றுமே விளங்கவில்லை. பக்கத்துப் பிள்ளைகளும் தாமதமாகத்தான் எழுந்தார்கள்; அது யார் கண்ணிலும் படவில்லை. இடம் மாற்றியதும் அவளிடமிருந்து உடனுக்குடன் பதில் வந்தது. ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. அடுத்த வருடம், அவளுக்குப் பாடமே எடுத்திராத ஆசிரியர் என்னிடம், "அந்தத் திமிர் பிடித்த பொண்ணா?" என்று கேட்டார்.

சூழலை எடுத்துச் சொன்னாலும் நம் மனம் லேசில் இறங்கிவராது. 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கியூபாவின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது என்று தெரிந்த பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளர்தான் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். சூழலை விட்டுவிட்டு ஆளின் குணத்தையே காரணமாகப் பார்க்கிற இந்தச் சாய்வைத்தான் 1977இல் உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை' (fundamental attribution error) என்றார்.

ஒப்பிடாமல் முடிவுக்கு வருவது

ஒரு செயலுக்குக் காரணம் ஆளா, சூழலா என்று பிரித்தறிய உளவியலாளர் ஹெரால்டு கெல்லி அதே 1967இல் முன்வைத்த ஆய்வு முறையை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். அந்த இடத்தில் மற்றவர்களும் இப்படித்தானா? இந்தப் பிள்ளை மற்ற பாடவேளைகளிலும் இப்படியா? என் வகுப்பில் தினமும் இப்படியா? அந்தப் பெஞ்சில் முதல் கேள்வியே போதுமானதாக இருந்தது.

முதல் வாரத்திலேயே தீர்ப்பு

வேண்டாம்.

பிள்ளையைக் கேட்காமல் விடுவது

"பின்னாடி கேக்குதாம்மா?" என்று தனியாகக் கேளுங்கள். வகுப்பின் முன்னால் வேண்டவே வேண்டாம்.

பதிவேட்டில் குணச்சித்திரம் எழுதுவது

"அலட்சியமானவள்" என்று எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "கடைசி பெஞ்சு. இரண்டாம் முறை கூப்பிட்டதும் எழுந்தாள்." அப்புறம் தேதியும் பாடவேளையும் போடுங்கள்.