இங்கிலாந்துக் கிராமத்து வயல்வழிகள்: தேடி, நடந்து, காப்பது எப்படி?

இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்குப் புதிதாகக் குடிவருகிற பலர் முதல் வருடம் முழுக்கத் தார்ச்சாலை ஓரத்திலேயே நடக்கிறார்கள். உயிர்வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் யாருடைய நிலமோ, போனால் சத்தம் போடுவார்களோ என்று தயங்கி நின்றுவிடுவார்கள்.

அந்தத் தயக்கம் வேண்டாம். பாதை போகிற மண் விவசாயிக்குச் சொந்தம். அதன் மேல் நடக்கும் உரிமை எல்லோருக்கும் சொந்தம்: ஊர்க்காரர், வெளியூர்க்காரர், நேற்று வந்தவர் என்ற பேதமே இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்த ஒற்றையடிப் பாதையும் ஒரு சாலைதான். இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்தால் இப்படிச் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்குப் பொதுவழிகள் இருக்கின்றன. (ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். கீழே சொல்வது அங்கே பொருந்தாது.)

1. எந்த வகை வழி என்று பாருங்கள்

கம்பங்களில் அடித்திருக்கும் அம்புக்குறியின் நிறமே வகையைச் சொல்லிவிடும். மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே: நடக்கலாம், குதிரையில் போகலாம், 1968 முதல் சைக்கிளும் ஓட்டலாம். கத்தரிப்பூ நிறம் ரெஸ்ட்ரிக்டட் பைவே. குதிரை வண்டி வரை போகலாம், மோட்டார் வண்டி கூடாது. சிவப்பு இருந்தால் மோட்டார் வண்டிகளும் வரும், காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள்.

‘பெர்மிஸிவ் பாத்’ என்ற பலகையைப் பார்த்தால் அது வேறு கதை. நிலக்காரர் மனமுவந்து விட்ட வழி அது. நாளைக்கே மூடவும் அவருக்கு உரிமை உண்டு. ஃபுட்பாத்தை அவர் இஷ்டத்துக்கு மூட முடியாது.

2. சரியான வரைபடம்

அரசின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு. காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் என்றால் ஓஎல்45 என்ற தாள். தாளில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. லேண்ட்ரேஞ்சர் என்ற 1:50,000 வரைபடம் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் வயல்வழிக்கு உதவாது. அதில் வயல் எல்லைகளே கிடையாது. வயல்களுக்குள் நடப்பவருக்கு வேலிதான் வழிகாட்டி. அது இல்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எக்ஸ்ப்ளோரரில் பச்சைநிறக் குட்டைக் கோடுகள் ஃபுட்பாத், பச்சைநிற நீளக் கோடுகள் பிரைடில்வே. புதியவர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. கறுப்புக் கோடுகளாக வருவது ‘இங்கே தரையில் ஒரு தடம் தெரிகிறது’ என்ற தகவல் மட்டுமே, அதனால் நடக்க உரிமை வந்துவிடாது. கறுப்புப் புள்ளிகளாக வயல்களை வளைத்துக்கொண்டு போவது பாரிஷ் (கிராம அளவிலான உள்ளாட்சிப் பகுதி) எல்லை. அதைப் பாதை என்று நம்பிப் போனவர்கள் ஓடைக்குள்ளும் முள்புதருக்குள்ளும் நின்றிருக்கிறார்கள்.

கிளம்புமுன் இன்னொன்றைப் பாருங்கள்: பச்சைக் கோடு வேலிக்கு எந்தப் பக்கம் போகிறது? வழி தவறுவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. வேலிக்கு இடப்பக்கம் போகிற பாதை, நடுவில் ஒரு திறப்பில் வலப்பக்கம் மாறும். அதைக் கவனிக்காமல் நேரே போனால், அரை கிலோமீட்டர் தள்ளி வயலின் மூலையில் வெளியேற வழியில்லாமல் நிற்பீர்கள். நீங்கள் போயிருக்க வேண்டிய பாதை அடர்ந்த வேலிக்கு மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வரைபடத்தில் 1 மி.மீ. என்பது தரையில் 25 மீட்டர். அச்சிட்ட கோட்டின் தடிமனே பல மீட்டரை விழுங்கிவிடும். ஆகவே வேலிகளையும் மூலைகளையும் எண்ணிக்கொண்டு நடங்கள்: முதல் வயலில் குறுக்கே, இரண்டாவதில் வேலிக்கு வலப்பக்கம், மூன்றாவதில் ஓடைப் பாலம் என்று.

3. சட்டம் ஒப்புக்கொள்ளும் வரைபடம் வேறு

ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம் உரிமைக்குச் சான்று ஆகாது. அந்தத் தாளிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். சான்று, நம் மாவட்ட அளவிலான உள்ளாட்சி போன்ற கவுண்டி கவுன்சில் (சில இடங்களில் யூனிட்டரி கவுன்சில்) வைத்திருக்கும் ‘டெஃபினிட்டிவ் மேப்’. 1949-இல் வந்த தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுகல் சட்டம்தான் இதற்கு அடித்தளம். 1950-களின் தொடக்கத்தில் பாரிஷ் பாரிஷாக உள்ளூர்க்காரர்கள் நடந்து பார்த்து, ஒவ்வொரு பாதைக்கும் எண் கொடுத்து எழுதினார்கள். சர்ச்சுக்கும் மாவு மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த தடங்கள் அன்று சட்டத்தில் ஏறின. அந்த மனிதர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

அந்த வரைபடத்தில் ஒரு பாதை இருந்தால் அது பொதுவழிதான், யாரும் மறுக்க முடியாது. இல்லாவிட்டால் ‘வழியே இல்லை’ என்று முடிவாகிவிடாது. இன்னும் பதிவாகவில்லை என்றுதான் பொருள். பல கவுன்சில்கள் இதை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. உங்கள் பாதையின் பாரிஷ் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது தேவைப்படும். கூடவே ‘ஸ்டேட்மென்ட்’ என்ற எழுத்து விவரணை இருக்கும். சில பாதைகளுக்கு அகலமும், ஸ்டைல் (வேலியைத் தாண்டக் கட்டிய படி) இருக்கும் இடங்களும் அதில் எழுதியிருக்கும்.

பாரிஷ் எல்லையில் எண் மாறும். சில இடங்களில் வகையே மாறும்: இந்தப் பக்கம் பிரைடில்வே, கோட்டைத் தாண்டினால் ஃபுட்பாத். இன்னும் சில, எல்லையில் வந்து அப்படியே நின்றுவிடும். இரண்டு பாரிஷ்காரர்கள் ஒரே பாதையைத் தனித்தனியாக எழுதியபோது விழுந்த பிசகுகள் இவை.

4. கிளம்புவதற்கு முன்

முதல் நடைக்கு 5 கி.மீ. சுற்று போதும். ஸ்டைல் ஏறி, சேற்றில் கால் வைத்துப் போகும்போது மணிக்கு 3 கி.மீ. என்று கணக்குப் போடுங்கள். கணுக்கால் மூடிய பூட்ஸ் வேண்டும். கோடையிலும் முழுக்கால்சட்டைதான், நெட்டில் செடி நம் காஞ்சொறி போலவே தடிக்க வைக்கும்.

5. சாலையிலிருந்து உள்ளே

தார்ச்சாலையிலிருந்து பொதுவழி பிரியும் இடத்தில் கவுன்சில் கைகாட்டி நடவேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் கைகாட்டியைக் கண்மூடி நம்பாதீர்கள். வேலி வெட்டும் இயந்திரம் இடித்துப் பலகை திரும்பியிருக்கும். வரைபடத்தை வடக்கோடு பொருத்தி, திசை சரிதானா என்று பார்த்த பிறகு காலெடுத்து வையுங்கள்.

ஸ்டைலில் ஏறுமுன் மேல்கட்டையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; மழைக்குப் பின் பலகையின் நடுவில் கால் வைத்தால் வழுக்கும், கம்பத்தை ஒட்டி வையுங்கள். கிஸ்ஸிங் கேட் முதல் தடவை குழப்பும். கதவைத் தள்ளி, அரைவட்டக் கூண்டுக்குள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்று, கதவை உங்களைத் தாண்டி மறுபக்கம் தள்ளிவிட்டு வெளியேறவேண்டும். முதுகுப்பை பெரிதென்றால் முதலில் கழற்றிவிடுங்கள். சாதாரண கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போகவேண்டும். திறந்திருந்தது என்றால் மாடு தண்ணீருக்குப் போகத் திறந்து வைத்திருக்கலாம், மூடிவிடாதீர்கள். பூட்டிய கேட்டை ஏறித் தாண்டும்படி ஆனால் கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் உங்கள் எடையில் கேட் தொங்கிப்போகும்.

6. பயிருக்குள் போகும் பாதை

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். வயலுக்குக் குறுக்கே போகும் ஃபுட்பாத்தை விவசாயி உழலாம், தடையில்லை. ஆனால் விதைப்புக்கான முதல் உழவிலிருந்து 14 நாளுக்குள், அதன் பிறகு செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் 24 மணி நேரத்துக்குள், பாதையைக் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குச் சமன்படுத்தி, தரையில் கண்ணுக்குத் தெரியும்படி தரவேண்டும். வயல் ஓரமாகப் போகும் ஃபுட்பாத்தை உழவே கூடாது; அதன் குறைந்தபட்ச அகலம் 1.5 மீட்டர். பிரைடில்வே என்றால் குறுக்கே 2 மீட்டர், ஓரத்தில் 3 மீட்டர். பதிவேட்டில் அகலம் எழுதியிருந்தால் அந்த அகலமே செல்லும். புல் தவிர வேறெந்தப் பயிரும் இந்த அகலத்துக்குள் முளைத்து நீட்டக் கூடாது.

அக்டோபரில் நீங்கள் போய் நிற்கிறீர்கள். கைகாட்டி இருக்கிறது, எதிரே உழுத மண், பாதையின் சுவடே இல்லை. எதிர்வேலியைக் கண்ணால் துழாவுங்கள்: ஒரு திறப்பு, வெள்ளையாக ஒரு கட்டை, வேலி சட்டென்று தாழும் ஓரிடம். அதுதான் அடுத்த ஸ்டைல். அதையே பார்த்துக்கொண்டு நேர்கோட்டில், ஒருவர் பின் ஒருவராக நடங்கள். ஓரமாகச் சுற்றிப் போவது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் உரிமை அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது, ஓரத்தில் இல்லை. நாலு பேர் நேரே நடந்தால் பாதை தானாகத் தெரியும், எல்லோரும் சுற்றிப் போனால் அது மறைந்தே போகும்.

பயிர் வளர்ந்த பிறகு டிராக்டர் சக்கரத் தடங்களைப் பாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைக் கோடாக, பளிச்சென்று, கூப்பிடுவதுபோல் இருக்கும். மருந்தடிக்க விட்ட இடைவெளி அது. எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. ரேப்சீட் என்ற மஞ்சள்பூப் பயிர் இன்னொரு தொல்லை. கடுகுக்கு உறவு. ஜூனில் மார்பளவு வளர்ந்து பாதையின் மேல் சாய்ந்து பின்னிக்கொள்ளும். புகமுடியாவிட்டால் பயிருக்குச் சேதம் குறைவாக வரும்படி சுற்றிப் போய், வீட்டுக்கு வந்ததும் புகார் எழுதுங்கள்.

7. மாடுகள்

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுக்கள்தான் ஆபத்து, அதிலும் நாய் கூட வந்தால். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள். தூரமாக வளைந்து போங்கள், பாதையை விட்டு விலகினாலும் சரி. மெதுவாகப் போங்கள், ஓடவேண்டாம். மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும்; கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைத்தான் மாடுகள் மிதித்திருக்கின்றன.

10 மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனப் பொலிகாளையைப் பொதுவழி போகும் வயலில் விடக்கூடாது. மற்ற இனப் பொலிகாளை என்றால் பசுக்களோ கிடேரிகளோ கூட இருக்கவேண்டும்.

8. வழி அடைபட்டிருந்தால்

முள்கம்பி, பூட்டிய கேட், சாய்ந்த மரம் எதுவானாலும், கடந்துபோகத் தேவையான அளவுக்கு மட்டும் விலக்கலாம், அல்லது பக்கத்தில் சுற்றிப் போகலாம். பிரித்து எறிவதற்கென்றே கருவியோடு கிளம்பிப் போனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. பொதுவழியில் நடப்பவரை மிரட்டும் பொய்ப் பலகை வைப்பது 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் சொல்வது? போலீஸிடம் அல்ல, கவுண்டி கவுன்சிலின் பொதுவழிப் பிரிவிடம். தரைப்பரப்பும் அதில் முளைக்கும் களையும் கவுன்சில் பொறுப்பு. ஸ்டைல், கேட், பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வேலிச்செடி நிலக்காரர் பொறுப்பு. ஸ்டைல் பழுதுபார்ப்புச் செலவில் கால்பங்காவது கவுன்சிலிடம் அவர் கேட்டு வாங்கலாம். சண்டை போடாமல் காரியம் முடிய, இந்தத் தகவலை நிலக்காரருக்குச் சொல்வதே பல நேரம் போதும்.

‘பாதை மோசமாக இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதினால் ஒன்றும் நடக்காது. இப்படி எழுதுங்கள்: பாரிஷ் பெயர், ஃபுட்பாத் 7, இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட கிரிட் எண் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிப்பது, 10 மீட்டர் வரை துல்லியம்), ‘ஸ்டைலின் கீழ்ப்படி உடைந்திருக்கிறது, மேல்கட்டையில் முள்கம்பி சுற்றியிருக்கிறது’, பார்த்த தேதி, கிட்டத்தில் ஒரு படம், பின்னணி தெரிய ஒரு படம். புகாருக்கு அவர்கள் தரும் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அசையவில்லையென்றால் இரண்டு வழிகள். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஏ பிரிவில் யார் வேண்டுமானாலும் அடைப்பை அகற்றக் கோரி முறையான நோட்டீஸ் தரலாம். என்ன செய்யப்போகிறது என்று கவுன்சில் ஒரு மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். அப்போதும் அகலாவிட்டால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் வரை போகலாம். இரண்டாவது, பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து பேசுவது. பாரிஷ் கவுன்சில் முறையாக எழுதினால், அது தவறு என்று தெரிந்தாலன்றி மேல் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே தீரவேண்டும். இந்த அதிகாரம் தங்கள் கையில் இருப்பது பல பாரிஷ் உறுப்பினர்களுக்கே தெரிவதில்லை.

9. பதிவில் இல்லாத பாதை

ஊரே நடக்கும் பாதை, ஆனால் டெஃபினிட்டிவ் மேப்பில் இல்லை. ஒருநாள் புது நிலக்காரர் வேலி போடுகிறார். அந்த நாளிலிருந்து பின்னோக்கி 20 வருடம் பொதுமக்கள் இடைவிடாமல், பலவந்தமின்றி, ஒளிவுமறைவின்றி, யார் அனுமதியும் கேளாமல் நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிட்டதாகச் சட்டம் கொள்ளும். நிலக்காரர் அந்தக் காலத்தில் மறுத்துப் பலகை வைத்திருந்தாலோ, கவுன்சிலில் மறுப்புப் பதிந்திருந்தாலோ கதை மாறும். அதை முதலில் விசாரியுங்கள். 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்கீழ் வரைபடத்தைத் திருத்த விண்ணப்பிக்கலாம். பழைய வழிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் டைத் (சர்ச்சுக்குக் கட்டிய வரி) வரைபடங்களும், பொதுநிலத்தை வேலியிட்டுத் தனியாருக்குப் பிரித்த நிலவளைப்பு ஆவணங்களும் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

பழைய வழிகளைப் பதிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஜனவரி 1-ஐக் கெடுவாக வைத்தது, பிறகு அது 2031 ஆனது. அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதை நம்பி ஆற அமர இருக்கவேண்டாம், ஏனென்றால் காகிதம் காத்திருந்தாலும் மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். நடந்தவர் ஒவ்வொருவரும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, வாரத்துக்கு எத்தனை தடவை, எதற்காக நடந்தார் என்று கவுன்சிலின் சான்றுப் படிவத்தில் எழுதித் தரவேண்டும். ஊரில் எண்பதைத் தாண்டியவர் யாராவது அந்த வழியாக நடந்து பழகியவர் என்றால் முதல் படிவத்தை அவரிடம் கொண்டுபோங்கள். கூடவே ஒரு வெற்று வரைபடமும் பென்சிலும் எடுத்துப் போய், அவர் நடந்த கோட்டை அவர் கையாலேயே வரையச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.