வளர்ப்பு எலிகள் சண்டை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

கூண்டுக்குள் இரண்டு எலிகள் கட்டிப் புரண்டு கீச்சிட்டதுமே ஓடிப்போய்ப் பிரிக்காதீர்கள். பெரும்பாலும் அது விளையாட்டுதான். வாய் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். விளையாடும் எலி மற்றதன் பிடரியில் மூக்கை நுழைக்கப் பார்க்கும், மற்றது மல்லாந்து விழும், இது மேலே ஏறி அமுக்கும், கொஞ்ச நேரத்தில் அமுக்கப்பட்டதே திரும்பத் துரத்தும். நிஜச் சண்டையில் கடி பின்புறத்திலும் விலாவிலும் விழும். அதற்கு முன்பே ரோமம் சிலிர்த்து, முதுகை வளைத்து, நண்டு போலப் பக்கவாட்டில் நெருங்கும். அப்போது காத்திருக்கக் கூடாது, ஆனால் வெறுங்கையையும் விடக் கூடாது, கடி ஆழமாக இறங்கிவிடும். தடித்த துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

புது எலியை வாங்கி வந்த அன்றே பழைய கூண்டில் விடுவதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும் தவறு. ஆய்வகத்தில் எலியின் ஆக்ரோஷத்தை அளக்க இதையேதான் செய்கிறார்கள்: ஒரு ஆணைத் தன் கூண்டில் பழகவிட்டு, முன்பின் தெரியாத இன்னொரு ஆணை உள்ளே விடுவார்கள். அதை வீட்டில் செய்துவிட்டு எலியைப் பொல்லாதது என்றால் எப்படி? இரண்டு வாரமாவது வேறு அறையில் வையுங்கள், தும்மல், மூச்சிரைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க விடுங்கள். கடைசியாகக் கூண்டு, அதுவும் நன்றாகக் கழுவி, சாமான்களை இடம் மாற்றிய பிறகு.

கூண்டுக்குள் ஒரே வாசல் உள்ள குட்டி வீடுகளை வைப்பதும் தவறுதான். அமெரிக்க ஆய்வாளர் ஜான் கால்ஹூன் 1962-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு அறைகளைச் சாய்பாதைகளால் இணைத்திருந்தார். ஓரத்து அறைகளுக்கு ஒரே ஒரு வழி. வலுத்த ஆண் எலி அந்த வழியிலேயே படுத்துக்கொண்டு மற்ற ஆண்களை உள்ளே விடவில்லை, நடு அறைகளில் நெரிசலும் சண்டையும் மிஞ்சின. தீனிக்குக் குறைவே இல்லாத இடத்தில் நடந்தது இது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல், தீனிக் கிண்ணமும் தண்ணீர் பாட்டிலும் ஒன்றுக்கு மேல், தள்ளித் தள்ளி.

ஆறு மாத வயதை ஒட்டி ஒரு ஆண் திடீரென்று முரடாகிவிட்டால் பெரும்பாலும் ஹார்மோன்தான். ஆண்மை நீக்க அறுவை பலவற்றுக்கு உதவும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். சாதுவாக இருந்த வயதான எலி கடித்தால் வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் நிரந்தரமாகத் தனிக்கூண்டில் அடைத்துவிடாதீர்கள். எலிக்குத் தனிமை பெரிய கொடுமை, சண்டைக்காரனுக்கும்கூடத் துணை வேண்டும், சாதுவான பெண் எலியோ அறுவை செய்த ஆணோ பல நேரம் ஒத்துப்போகும். பெண் எலியோடு விடுவதானால் அறுவைக்குப் பிறகு சில வாரம் பொறுங்கள், உடனே விட்டால் குட்டி போட்டுவிடும்.